தலையில் விரல் வைத்தால் தொட்டதாகாது

எங்கள் க்ளப்பில் செஸ் காய்கள் தாமாகவே ஆடும். நாங்கள் ஆடுவதைச் சொல்லவில்லை. கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தால் இந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அப்புறம்தான் நிற்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்கா பஞ்சம்? பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை எல்லாம் செய்கிற ஊரில் பிளாஸ்டிக் காயை வைத்து ஆடுவது கேவலம் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. க்ளப் தலைவராக இருந்த கம்பெனி முதலாளி தன் பட்டறையிலேயே ஆறு செட் வார்த்துக் கொடுத்தார். சூளையிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு காயின் அடியும் ஒவ்வொரு விதமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சூளைக்குப் பொறுப்பு என் அப்பா.

க்ளப்பில் போட்டி நடத்துகிறவரும் அப்பாதான். ஜோடி சேர்ப்பது, முடிவு எழுதுவது, சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர். அவர் முகத்துக்கு நேரே காய் கோணல் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் தகராறு மட்டும் வாராவாரம் வந்தது. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது செஸ்ஸில் உலகத்துக்கே பொதுவான விதி. ஆடுகிற காயை விரல் வைத்து நிறுத்தினால் அது தொட்டதா, இல்லையா? ரயில்வேயில் பார்சல் க்ளார்க்காக இருந்த ஒரு மாமா, தொட்டதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பா ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"தலையில வெரல் வெச்சா தொட்டதா ஆவாது. கழுத்தப் புடிச்சாதான் தொட்டது. இனிமே இதான் நம்ம க்ளப்பு சட்டம்."

சட்டமா, சூளையில் கோட்டை விட்டதை மூட ஒரு தட்டா என்று அப்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குப் பதினான்கு வயது. சிரித்தேனே தவிர, நானும் அந்தச் சட்டப்படிதான் எட்டு வருஷம் ஆடினேன். யோசிக்கும்போது ராஜாவின் தலையில் விரல் வைத்துக்கொள்வது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

க்ளப்புக்கென்று சொந்த இடம் கிடையாது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் க்ளப். பந்திக்குப் போடும் நீள மேசைகளில் பலகையை விரிப்போம். எத்தனை தடவை துடைத்தாலும் மேசையில் ரச வாடை போகாது. மண்டபத்தில் விசேஷம் இருந்தால் எங்களுக்கு இடமில்லை. அந்த வாரங்களில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கரும்பலகையில் அப்பா தன் குண்டு எழுத்தில் எழுதி வைப்பார்: 'ஞாயிறு ஆட்டம் இல்லை. மண்டபத்தில் விசேஷம்.' அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தையும் வைகாசியும் ஆவணியும் எனக்கு ஆகாத மாதங்கள். ஆடியும் மார்கழியும் வந்தால் போதும், ஊரில் ஒருத்தரும் கல்யாணம் பண்ணமாட்டார்கள், வாரம் தவறாமல் ஆடலாம்.

அங்கே பதினாறு ஆண்கள், நான் ஒருத்தி. இருபத்திரண்டு வயதிலும் அவர்களுக்கு நான் பாப்பாதான். தோற்றுவிட்டால், பாப்பாவுக்கு விட்டுக்கொடுத்தேன் என்பார்கள். ஒரு தடவை பார்சல் மாமாவை இருபது நகர்த்தலில் மடக்கினேன். அதற்கும் அதே பேச்சு. அப்படியானால் இன்னொரு ஆட்டம் விட்டுக்கொடுங்களேன் என்று கேட்டேன். அவருக்கு உடனே பார்சல் ஆபீஸ் வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டார்.

இதை எழுதும்போது ஜாலியாகத்தான் இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. பதினாறு பேருடைய ஆட்டமும் எனக்கு மனப்பாடம். யார் எந்தச் சிப்பாயை முதலில் நகர்த்துவார், யாருக்கு எப்போது டீ கேட்கத் தோன்றும் என்பதெல்லாம் தெரியும். டீ.வி.எஸ். ஃபிப்டியில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போவேன், அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வருவேன். கணக்கில் பி.எஸ்.ஸி. முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் வீட்டில் டியூஷன், ஏழாவது நாள் அந்தச் சாப்பாட்டுக் கூடம். ஜன்னலில் காக்கா வராமலிருக்க வலை அடித்திருப்பார்கள். அந்த வலை வழியாக ரயில் சத்தம் கேட்கும். சென்னைக்குப் போகிற ரயில் எது, திருச்சிக்குப் போகிற ரயில் எது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். ஒன்றிலும் ஏறியதில்லை. எனக்கு மூச்சு முட்டியது. எம்.எஸ்.ஸி. படிக்கச் சென்னைக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் கேட்டேன்.

அப்போதுதான் வேப்பூரிலிருந்து ஜாதகம் வந்தது. ஹைவேயில் டயர் கடை வைத்திருந்தார்கள். நல்ல குடும்பம், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று அம்மா தினமும் எனக்குப் பாடம் நடத்தினாள். கெட்ட பழக்கம் இருந்திருந்தாலாவது வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கத்தியும் பார்த்தேன். மூன்றாம் நாள் அப்பா ஒரு வழி சொன்னார். கடலூரில் சனி, ஞாயிறு மாவட்டப் போட்டி. பெண்கள் பிரிவில் முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். அதில் நான் ஒருத்தியாக வந்துவிட்டால் வேப்பூர்க்காரர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுவார், நான் சென்னைக்குப் போகலாம். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்ட வேண்டும். சரி என்றேன். அன்றைக்கு என் அப்பாவைப்போல நியாயமான மனுஷர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போனோம்.  வடலூரில் பஸ் நின்றபோது அப்பா இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டி. நல்ல கனமான பிளாஸ்டிக் காய்கள், அடியில் பச்சைத் துணி ஒட்டி, வைத்த இடத்தில் அப்படியே நின்றன. அவை ஆடவே இல்லை என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. மொத்தம் ஆறு ரவுண்டு. முதல் ஐந்தில் நான்கு ஜெயித்தேன், ஒன்று டிரா. கடைசி ஆட்டத்தில் டிரா பண்ணினால்கூட இரண்டாம் இடம் எனக்குத்தான். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்து, பதறாமல் ஆடு என்றார்.

கடைசி ரவுண்டில் எனக்கு எதிரே நெய்வேலியிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண். இரட்டைச் சடை, மூக்கில் ஜலதோஷம். முப்பது நகர்த்தலுக்குள் ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் எனக்குக் கூடுதல். அவள் தன் யானையை நகர்த்தி என் ராணியைத் தாக்கினாள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ராணியை எடுத்து அந்தப் பக்கம் போட்டால் செக், அதற்கப்புறம் ஆட்டம் என் பையில். அவள் காய் நகர்த்திய கையோடு ஆட்டக் கடிகாரத்தின் பொத்தானை ஓங்கி அடித்தாள். பள்ளிக்கூடத்து பெஞ்சு, ஒரு கால் குட்டை. பலகையே குலுங்கியது. என் ராஜா லேசாக ஆடியது.

என் விரல் போய் ராஜாவின் தலையில் உட்கார்ந்தது.

எனக்குத் தெரியும், இது எங்கள் சாப்பாட்டுக் கூடம் இல்லை என்று. கைக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையைத் தூக்கினாள். நடுவர் வந்தார். தொட்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"தலையிலதான் சார் வெரல் வெச்சேன். கழுத்தப் புடிக்கல."

சொல்லி முடிக்கும்போதே என் காதில் அது எப்படி விழுந்தது என்று எனக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. தலையோ காலோ, தொட்டால் தொட்டதுதானேம்மா என்றார். சரிசெய்வதற்காகத் தொடுவதென்றால் முன்கூட்டியே அட்ஜஸ்ட் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும், ராஜாவை நகர்த்துங்கள் என்றார்.

தொட்ட காய்க்குப் போக ஒரு கட்டமும் இல்லையென்றால் வேறு காயை ஆடலாம். அதுவும் விதிதான். என் ராஜா நாலாபுறமும் அடைபட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மூலையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. ராஜாவை அங்கே வைத்தேன். அவள் என் ராணியை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கை குலுக்கும்போது அந்தப் பெண், ஸாரிக்கா என்றாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஜெயித்த பெண் ஸாரி கேட்கிறதே என்றுதான் அழுகை வந்தது.

வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், குறிஞ்சிப்பாடி தாண்டியதும் சொன்னார்.

"தப்பு என்னுதும்மா. அந்தச் சட்டம் நான் போட்டது."

அதைக் கேட்டதும் என் மனசு இளகிவிட்டது. தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டவர் பேச்சையும் கொஞ்சம் தளர்த்துவார், வேப்பூர்க்காரர்களிடம் ஒரு வருஷம் தவணை கேட்பார் என்று நினைத்தேன். அதை எப்படி ஆரம்பிப்பது என்று ஊர் வந்து சேரும்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் விட்டிருந்த வண்டியை எடுத்ததும், வழியில் க்ளப் கடிகாரத்தை மண்டபத்தில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார் அப்பா. போட்டிக்கு ஆளாளுக்கு ஒரு கடிகாரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பா வெளியில் வண்டியில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே போனேன். மாடிப்படிக்குக் கீழே கரும்பலகை. அப்பாவின் குண்டு எழுத்து: 'அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. மண்டபத்தில் விசேஷம்.' ஆடி முடிந்து ஆவணி மூன்றாவது வாரம். ஆரம்பித்துவிட்டார்கள் என்று வழக்கம்போல் எரிச்சல் வந்தது. யார் வீட்டு விசேஷம் என்று வாட்ச்மேனிடம் சும்மாதான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "உங்க வூட்டுதுதாம்மா. நிச்சயதார்த்தம். உங்கப்பா வெள்ளிக்கெழமையே வந்து எழுதிட்டுப் போனாருங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை. நாங்கள் கடலூருக்குப் பஸ் ஏறியது சனிக்கிழமை.

கடிகாரத்தை மாடியில் வைத்தேனா, படியிலேயே வைத்தேனா என்று இப்போதும் ஞாபகம் இல்லை. வெளியில் வந்து வண்டிக்கு முன்னால் நின்றேன்.  அடிக்க வேண்டும் போலிருந்தது, யாரை என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா, ஆடறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்களா?"

அப்பா வண்டியின் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"மண்டபம் கெடைக்காதேன்னு சொல்லி வெச்சேன். நீ ஜெயிச்சிருந்தா அழிச்சிருப்பேன்மா. சாக்பீஸ்தானே."

அழித்திருப்பாரா? வேப்பூரில் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன், இரண்டு பிள்ளைகள், நான் டியூஷன் எடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துவிட்டார்கள். இன்னும் எனக்கு அது தெரியவில்லை. அழித்திருப்பார் என்று நினைத்தால் என் விரல் மேல் ஆத்திரம் வருகிறது. அழித்திருக்கமாட்டார் என்று நினைத்தால் அப்பா மேல். இரண்டில் ஒன்று முடிவாகிவிட்டால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவரிடம் மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை, இப்போது கேட்கவும் அவர் இல்லை.

அடுத்த ஞாயிறு க்ளப் ஆட்கள் பதினாறு பேரும் வந்தார்கள், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. பார்சல் மாமா பழத்தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் வந்தார். கீழே தட்டு மாற்றினார்கள். மாடியில் நாங்கள் ஆடுகிற மேசையில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், சாம்பார் வாசனை கீழே வரைக்கும் வந்தது. புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை, உடம்பு லேசாக ஆடியது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், எல்லாம் சரியாய்ப் போகும் என்று அம்மா காதருகே சொன்னாள். பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். கடைசியாக அப்பா காலில் விழுந்தேன்.

எழுந்து நின்றதும் அப்பா என் தலையில் கை வைத்தார். ஆட்டம் நிற்கும்வரை எடுக்கவில்லை. எங்கள் க்ளப் சட்டப்படி அது தொட்டதாகாது.