நான் நிரப்பிய ஆறு கட்டங்கள்

காரைக்குடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. பிள்ளை பெற்றவர்களுக்கு எதனால் காய்ச்சல் வருகிறது என்று கண்டுபிடிக்க, எங்கள் தலைமை நர்ஸ் வருஷக்கணக்காக ஒரு நோட்டில் கட்டிலுக்கு ஒரு கட்டம் போட்டு, தினமும் காய்ச்சலைக் குறித்து வந்தார். டாக்டர்களே அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

அன்று அதை நிரப்புவது என் முறை; எனக்கோ நாட்டரசன்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். தெர்மாமீட்டரைத் தொடாமலே ஆறு கட்டிலுக்கும் 'காய்ச்சல் இல்லை' என்று நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் மனம் நிலைகொள்ளவில்லை. பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன்.

நாலாம் கட்டில் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு கொதித்தது.

"நீங்க பாக்காமப் போனீக. சரி, ஒண்ணுமில்லபோலன்னு இருந்துட்டேன் சிஸ்டர்."

டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். பிழைத்துக்கொண்டாள்.

ஆறு பேரையும் பார்க்காமல் எழுதியதைச் சொன்னபோது தலைமை நர்ஸ் என்னைத் திட்டவில்லை. "கட்டத்த வெறுமனே விட்டிருந்தா நானே போய்ப் பாத்திருப்பேன். நீ எழுதிட்டியேன்னு அங்குட்டுத் திரும்பவே இல்லையே" என்று மட்டும் சொல்லி, ஆறு கட்டங்களையும் கோடு போட்டு அடித்தார்.

இப்போது அந்த நோட்டு என் பொறுப்பில். புதுப் பெண்கள் எழுதிக் கொடுத்ததும் வெறும் கட்டம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். ஒன்றுகூட இல்லாத நாளில், என்னைப்போல் யாரும் பார்க்காமலே நிரப்பிவிட்டார்களோ என்று தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிடுகிறேன்.