மூலியா, கஞ்சாவா?

கனடாவிலிருக்கும் மகள் நேற்று வீடியோ காலில் ஒரு கடையைக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் களிம்பு, எண்ணெய், மிட்டாய். எல்லாவற்றின் மேலும் விரல் விரித்தாற்போல ஓர் இலை. "கஞ்சாக் கடைம்மா. லைசென்ஸ் இருக்கு" என்றாள். எனக்குக் குழம்பிப்போனது. அதே இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நான் திருதிருவென்று விழித்திருக்கிறேன்.

சித்த மருந்தாளுநர் படிப்பை முடித்த கையோடு நன்னிலத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படித்த திமிர் கொஞ்சம் உண்டு. சுக்கும் வசம்புமாகச் சேலையில் வாசனை ஊறிப்போயிருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "வீட்ல யாருக்குங்க சளி?" என்பார்கள்.

நடவு வேலைக்குப் போகும் வசந்தா அக்கா ஒருநாள் மத்தியானம் வந்தார். காலெல்லாம் சேறு. முந்தானையில் ஒரு பொட்டலம். புருஷன் சட்டைப் பையில் கிடைத்ததாம். பிரித்தேன். காய்ந்த புளிச்சக்கீரை என்றுதான் முதலில் நினைத்தேன். முகர்ந்ததும் சந்தேகம் வந்தது.

"கேட்டா சிவமூலிங்கிறாரு. இடுப்பு வலிக்கு மருந்தாம். நெசமா தங்கச்சி?"

பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். சிவமூலி, சித்தமூலி, கோரக்கர் மூலி, பங்கி, கஞ்சா, எல்லாம் ஒரே செடிதான். வலிக்கு, தூக்கத்துக்கு, பசிக்கு என்று பயன்களும் போட்டிருந்தன. நஞ்சு நீங்கச் சுத்தி செய்து லேகியத்தில் துளி சேர்ப்பது வேறு, பீடியில் திணித்துப் புகைப்பது வேறு. அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நானோ பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவரு பொய் சொல்லலைல்ல?"

"பொய்யில்லக்கா. மருந்துலயும் சேப்பாங்க. ஆனா..."

அதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. வயலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். நானும் கூப்பிடவில்லை.

அறுவடைக்குள் அவர் புருஷன் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். யாரோ பின்தொடர்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வசந்தா அக்கா மறுபடி கடைக்கு வந்தார்.

"நீதானம்மா மருந்துன்ன?"

சண்டையாகக் கேட்கவில்லை; புரியாமல்தான் கேட்டார். எனக்கும் புரியவில்லை. நான் சொன்னது பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. மறுநாளே லீவு போட்டு இருவரையும் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சில மாத வைத்தியத்தில் அக்கா புருஷன் தேறினார். ஒருமுறை கடைக்கே வந்து ஓமம் வாங்கினார், சிரித்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. போன மாதம் வசந்தா அக்கா தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். வீடு இருந்த மனையில் வாழை நிற்கிறது. குடும்பமே திருப்பூர் போய் வருஷக்கணக்காகிறதாம். நம்பர் கேட்டேன். யாரிடமும் இல்லை.