தனப்பிரியாவுக்கு வராத மஞ்சள் காமாலை

மோகனூர்ப் பக்கம் தனப்பிரியாவைத் தெரிந்த எல்லோருக்கும் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்தது தெரியும். வரவே இல்லை என்பது அப்போது தெரிந்தவர்கள் அவளும், பெற்றவர்களும், சேலத்தில் ஒரு மனநல மருத்துவரும் மட்டும்தான்.

விடுதிப் பள்ளியில் மார்க், மார்க் என்று பிழிந்தெடுத்ததில் பெண்ணுக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பரீட்சைத் தாளை வெள்ளையாகவே கொடுத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். மனச்சோர்வு, மாத்திரையில் குணமாகும் என்றார் டாக்டர். அம்மா வசந்தாமணிக்கு மாத்திரை கவலையாகப் படவில்லை. பக்கத்துத் தோட்டத்து நாத்தனார் பூவாத்தாளிடம் என்ன சொல்வது என்பதுதான் பெரும் கவலை. நாளைக்கு வரன் பார்க்க வேண்டிய பெண். சேலத்தில் பஸ் ஏறியவள் வழியெல்லாம் யோசித்து, ஊரில் காமாலையோடு இறங்கினாள்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். காமாலை என்றால் அந்தப் பக்கத்து ஜனம் பார்த்துவிட்டுச் சும்மா போகாது. பூவாத்தாள் விடிந்ததும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கிக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள். உப்பில்லை, எண்ணெயில்லை. வீட்டில் கோழி அடித்த அன்றைக்கும் தனப்பிரியாவுக்கு மோர்சோறுதான். கரும்பு விளைகிற ஊராதலால் சாறு குடம் குடமாக வந்து இறங்கியது. கண் மஞ்சளாக இல்லையே என்று ஒருத்தி சந்தேகப்பட்டபோது, இது உள்காமாலை என்றாள் வசந்தாமணி. வைத்தியத்தில் அப்படி ஒன்று இருக்கிறதோ இல்லையோ, ஊர் ஒப்புக்கொண்டது. வியாதியை மாத்திரை குணப்படுத்தியது. பேரைக் கீழாநெல்லி வாங்கிக்கொண்டது.

இப்போது தனப்பிரியா கல்லூரி மாணவி. கூடப் படிக்கும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து பள்ளிகளுக்குப் போய் மனநலம் பற்றிப் பேசுகிறார்கள், அவளும் போகிறாள். ராசிபுரத்திலும் ஜலகண்டாபுரத்திலும் தன் கதையை ஒளிக்காமல் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் ஒன்றிரண்டு பிள்ளைகள் தயங்கித் தயங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். அங்கெல்லாம் சொந்தக்காரர் கிடையாது, அதனால் வாய் சுலபமாகத் திறந்தது. அப்புறம் மோகனூர்ப் பள்ளி ஒன்றிலிருந்தே அழைப்பு வந்தது.

வசந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஊரு ஊராப் போய்ச் சொல்லு, நான் கேக்கல. இங்க மட்டும் யாரோ ஒரு பொண்ணுக்குன்னு பொதுவாச் சொல்லிப்போடு சாமி," என்று கண்ணைக் கசக்கினாள். மகளும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

மனநலம் என்று போட்டால் பெற்றோர் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று தலைமையாசிரியர் வாசலில், 'அதிக மதிப்பெண் பெறுவது எப்படி?' என்று பேனர் கட்டியிருந்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. பேரனுக்காக வந்திருந்த பூவாத்தாள் முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வசந்தாமணி, முந்தானையை முறுக்கிக்கொண்டு.

"ஒரு பொண்ணு இருந்தா," என்று ஆரம்பித்தாள் தனப்பிரியா. சோறு இறங்காததையும் வெள்ளைத்தாளையும் அழுகையையும் மனநல டாக்டரிடம் போனதையும் சொன்னாள். பூவாத்தாள் ரகசியம் பேசினாலும் மண்டபம் முழுக்கக் கேட்கும். அது கிறுக்குதான், அந்தப் புள்ளையை எவன் கட்டுவான் என்று வசந்தாமணியின் காதைக் கடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் தனப்பிரியாவின் கண் பட்டது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் இவளை யார் காப்பாற்றுவது என்று நினைத்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தானுங்க அத்தை. எனக்குக் காமாலையே வரலீங்க."

பூவாத்தாள் மெல்ல எழுந்தாள்.

"அப்ப நான் அரைச்சுக் குடுத்ததெல்லாம்?"

"ஒரு சொட்டு விடாம குடிச்சேனுங்க. உங்க மேல இருந்த பயத்துல."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நகம் கடித்தவளும் சிரித்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் அவள்தான் முதலில் மேடையருகே வந்தாள். தனப்பிரியா அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டாள். ஆனால் கண் என்னவோ அம்மாவைத் தேடியது. அம்மாவை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த மாணவியோடு பேசி முடித்துவிட்டுத் தனப்பிரியா தேடி வந்தபோது, வேப்பமரத்தடியில் பூவாத்தாள் வசந்தாமணியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். தன்னிடமே பொய் சொன்னதற்காக, பச்சைப் பிள்ளைக்கு உப்பைக்கூட நிறுத்தியதற்காக. திட்டித் தீர்த்ததும் குரல் இறங்கியது. இந்தத் தடவைதான் அவள் ரகசியம் ரகசியமாக வந்தது.

"எங்கூட்டுக்காரரு செத்துப் போனதுல இருந்து எனக்கும் தூக்கமே கெடையாது வசந்தா. அந்த டாக்டரு பெரியவங்களையும் பாப்பாருங்களா?"

வசந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பாருங்க அண்ணி. நாளைக்கே போலாம். நானும் கூட வாரேன்."

"ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?"

எதற்கும் ஒரு பொய் கைவசம் வைத்திருப்பவள் வசந்தாமணி. இப்போதும் என்ன வியாதி வரப்போகிறதோ என்று தனப்பிரியா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"மனசு சரியில்ல, டாக்டர்கிட்டப் போறோம்னு சொல்லுங்க," என்றாள் அம்மா.