தலைவர் கதிரை மாறிய ஞாயிறு

அன்று தேத்தண்ணி வரவில்லை.

ஞாயிறு காலை இணக்கசபை கூடி, முதல் வழக்குக்காரர் செருப்பைக் கழற்றி விறாந்தையில் ஏறும்போதே உள்ளேயிருந்து தட்டம் வந்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தலைவர் அபூதாஹிர் தொண்டையைச் செருமுவார். பதிலுக்குக் குசினியில் கோப்பைகள் சத்தம் போடும். அன்று அவர் செருமினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம், கொஞ்சம் அதிகாரமாகச் செருமினார். திரை விலகியது. கையில் தட்டம் இல்லாமல், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவருடைய மனைவி றுக்கியா வெளியே வந்தாள். வந்தவள் முறைப்பாட்டுக்காரர் இருக்கும் கதிரையில் போய் இருந்தாள்.

விறாந்தையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை மறந்தார்.

“மகள்ற உம்மா,” என்றார் அபூதாஹிர் தாழ்ந்த குரலில், “இது சபை.”

“தெரியும். முறைப்பாடு ஒண்டு இருக்கு.”

“ஆருக்கு எதிரா?” என்று கேட்டது இராசதுரை. பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர், சபையில் அடுத்த உறுப்பினர்.

“தலைவருக்கு எதிரா.”

கிண்ணியாவை அடுத்த அந்தச் சிற்றூரில், எழுபதுகளின் தொடக்கத்தில், இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றைத் தயாரிப்பது கடினம். காரணம், அபூதாஹிர் ஊரின் காது. புருசன் பெண்சாதிச் சண்டையா, வேலிச் சண்டையா, அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்களா, நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன் இந்த விறாந்தைப் படி ஏறுவார்கள். ஏறியவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்றத்துக்குப் போனதே இல்லை.

இந்தப் புகழுக்கு மூலதனம் வெள்ளைக்காரனுடையது. இளவயதில் அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தொலைபேசி இணைக்கும் அறையில் வேலை செய்தவர். அங்கே அவருக்கு மூன்று பழக்கங்கள் படிந்தன. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, எதிராளி சரி என்ற பிறகே இணைப்புக் கொடுப்பது முதலாவது. காதில் விழுந்த கதையை வெளியில் கொண்டுபோகாதது இரண்டாவது. இணைப்புக் கிடைத்ததும் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது மூன்றாவது. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கப்பலேறினார்கள். அபூதாஹிர் வயலுக்குத் திரும்பினார். பழக்கங்களும் கூடவே வந்தன. முதல் இரண்டும் அவரைத் தலைவராக்கின. மூன்றாவதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒருத்தி குசினியில் இருந்தாள்.

சபையில் அவர் போட்ட சட்டம் இதுதான்: வழக்காடுவோர் இருவரும் கதிரை மாறி இருக்க வேண்டும். இவர் கதையை அவரும், அவர் கதையை இவரும் ‘நான்’ என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர் “ஓம், அதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை தன் கதையை எடுக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. தம்பியின் கதிரையில் இருந்து தம்பியாகக் கதைக்கத் தொடங்கிய ஒரு அண்ணன், பாதியில் தேம்பி அழுது சால்வையால் முகத்தை மூடியிருக்கிறார். இதற்கு மாறாக, ஒரு வேலிச் சண்டையில் இரண்டு பேரும் எதிராளியின் கட்சியை அவ்வளவு உருக்கமாக எடுத்துச் சொன்னதில், கட்சி மாறியபடியே மீண்டும் அடித்துக்கொண்டதும் உண்டு. எல்லா முறைக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

றுக்கியா தன் முறைப்பாட்டைச் சொன்னாள்.

“இது என்ட வீடு. என்ட உம்மா எனக்குச் சீதனமா எழுதித் தந்த வீடு. இதை மகள் ஸல்ஹாக்கு எழுதுறதெண்டு மூதூர் ஹிஸ்புல்லா ஹாஜியாருக்கு இவர் வாக்குக் குடுத்திட்டார். வெள்ளிக்கிழமை உறுதி எழுத நொத்தாரிசிட்டப் போகவேணுமாம். நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

கூட்டம் இரண்டாவது முறையாக அதிர்ந்தது. அந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் என்றால் உம்மா வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவாள். மழை பெய்யுமா என்று மாரிகாலத்தில் யாரும் கேட்பதில்லை. எழுதுவாயா என்று உம்மாவிடமும் யாரும் கேட்பதில்லை. வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. ஹிஸ்புல்லா ஹாஜியாரின் மகன் ஸுஹைருக்கும் ஸல்ஹாவுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. இப்போது உம்மா மறுத்தால் பெண் வாசலில் நிற்பாள், ஊர் வாயில் அரைபடுவாள்.

“உனக்கென்ன விசரா?” என்று அபூதாஹிர் எழும்பியேவிட்டார். சபையில் அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை.

இராசதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சங்கடமான நேரத்தில் கண்ணாடியில் அழுக்கு வந்துவிடும்.

“தலைவர், சட்டம் நீங்கள் போட்டதுதான். இண்டைக்குத் தலைமை நான். நீங்கள் போய் அவவின்ர கதிரையில இருங்கோ.”

றுக்கியா எழுந்து இடம் விட்டாள். அபூதாஹிர் அந்தக் கதிரையில் இருந்தார். அதன் பிரம்பு ஒரு பக்கம் அறுந்து தொடையைக் குத்தும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது.

“நான் றுக்கியா,” என்று தொடங்கினார். எங்கேயோ ஒருவர் இருமினார். “இது என்ட உம்மா தந்த வீடு. இதை விட்டுப் போக எனக்கு மனம் வருகுதில்ல.”

“இல்ல,” என்றாள் றுக்கியா.

“பின்வளவில கட்டுற வீடு சின்னன். குசினி காணாது.”

“இல்ல. குசினியப் பெரிசாக் கட்டச் சொல்லி மேசனிட்டச் சொன்னதே நான்தான்.”

அபூதாஹிர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருடமாக மற்றவர்கள் இப்படிப் பார்த்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வைக்கு உள்ளே இருந்து பார்த்தால் விறாந்தை இவ்வளவு நீளமாகத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

“ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இந்தச் சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தி எனக்கு அலுத்துப்போச்சு.”

சிரிப்பு வெடித்தது. றுக்கியாவின் உதடுகூட ஒரு பக்கம் அசைந்தது.

“அது மெய்தான். ஆனா முறைப்பாடு அதில்ல.”

மூலையிலிருந்து எருமை வழக்குப் பாயிஸ் குரல் கொடுத்தான். அவனுடைய எருமை அடுத்தவன் வயலை மேய்ந்த வழக்கு இரண்டு தவணையாக இழுபட்டுக்கொண்டிருந்தது. தன்னிலும் மூத்தவரைக் காக்கா என்பது அந்த ஊர் வழக்கம்.

“காக்கா, வயல்காரன்ட கதை எனக்குச் சொல்லத் தெரியல்ல எண்டு போனமுறை என்னைத் திருப்பி அனுப்பினீங்கதானே? உங்களையும் அனுப்பட்டா? வாங்க, ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்!”

“பொத்து வாயை,” என்றார் இராசதுரை. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அபூதாஹிர் சிரிக்கவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தார். றுக்கியா இதைப்பற்றி ஏதோ சொன்னாள், அது நிச்சயம். அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று சொன்னாள். சோறு போடும்போது சொன்னாள். பாதைக்குப் போகும் அவசரத்தில் செருப்பைத் தேடியபோது பின்னாலேயே வந்து சொன்னாள். ஆற்றைக் கடக்கும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். அதைத் தவற விட்டால் திருகோணமலை பஸ்ஸும் போய்விடும். சாவி ஞாபகம் இருந்தது. சோற்றோடு இருந்த மீன் ஞாபகம் இருந்தது. “ஓம், ஓம், பாப்பம்” என்ற தன் குரல் மிகத் தெளிவாக ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட இல்லை. கருவியைக் கழற்றி வைத்த காதில் என்ன இருக்கும்?

அவர் மெதுவாகச் சொன்னார்.

“நான் றுக்கியா. இந்தக் கதையை நான் இவருக்கு எத்தினையோ தரம் சொன்னனான். இவர் ஓம் ஓம் எண்டார். என்ன சொன்னனான் எண்டு கேட்டா இவருக்குத் தெரியாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஓம்,” என்றாள் றுக்கியா. “அதுதான்.”

முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் கோப்பைகள் சத்தம் போட்டன. தீர்ப்புச் சொல்ல வேண்டிய இராசதுரை, வெள்ளிக்கிழமை யாரும் நொத்தாரிசிடம் போகத் தேவையில்லை, மிச்சத்தை வீட்டுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எருமையைக் கூப்பிட்டார்.

சனம் கலைந்த பிறகு அபூதாஹிர் குசினிக்குப் போனார். அங்கே ஆண்கள் இருக்க ஒன்றும் இல்லை. தேங்காய் துருவும் திருவலைப் பலகைதான் கிடந்தது. பல்லுப் பக்கத்தைக் கவனமாக விலக்கிக்கொண்டு அதில் குந்தினார்.

“சபையில ஏன் அந்தக் கதையச் சொல்லல்ல?”

“சொல்ற கதையா அது? ரெண்டு புள்ளையள்ற மானம்.” அடுப்பைப் பார்த்தபடி றுக்கியா சொன்னாள். “போன மாசம் கலியாண வீட்டில ஸுஹைர்ட லாத்தா, அவனுக்கு மூத்தவ, என்னைத் தனியக் கூட்டிக்கொண்டு போய் அழுதா. அந்தப் பொடியனுக்கு அவன்ட மாமி மகளில விருப்பம். மாமியோட ஹாஜியார் கோபம், முகம் பாக்கிறதில்ல. மகன் வாயத் திறந்தா அடி. நீங்களாவது எப்படியாவது நிப்பாட்டுங்க எண்டு சொல்லி அனுப்பியிருக்கான்.”

அபூதாஹிரின் வாயில் ‘ஓம்’ என்று வந்தது. விழுங்கினார்.

“மகளுக்குத் தெரியுமா?”

“தெரியும். வேற ஒருத்தியில மனசு வச்சவன் எனக்கு வேணாம், வாப்பாட்டச் சொல்லுங்க எண்டாள். சொன்னனான்தானே.” கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்கட காது எனக்குக் கிடைக்கல்ல. என்ட கையில இருந்தது வீடு. அதைப் பிடிச்சுக்கொண்டன்.”

ஐந்து நாள் பிந்தியிருந்தால் எழுத்து முடிந்திருக்கும். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த கையால் தன் மகளை எங்கே கொண்டுபோய்ச் செருக இருந்தார் என்பது அவருக்குப் புரிந்தது.

“இரு, சொல்லிப் பாக்கிறன்,” என்றார். அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். மகள் பயப்படுகிறாள் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்.

“பயமில்ல. ரோசம்,” என்று றுக்கியா திருத்தினாள்.

ரோசம் என்று திரும்பச் சொன்னார். திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் திரைக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் பட்டது.

மறுநாள் பஸ் ஏறி, பாதைகள் மாறி, மூதூருக்குப் போனார். வாக்கைத் திருப்பி வாங்குவது சின்ன விசயம் இல்லை. “பொடியன்ட பேர் வாயில வரப்படாது,” என்று றுக்கியா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் கையில் காரணம் ஒன்றும் இல்லாமல்தான் போனார்.

ஹிஸ்புல்லா ஹாஜியார் அரிசி ஆலைக்காரர். இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்ததால் வீட்டிலும் கத்தித்தான் கதைப்பார்.

“என்ன தலைவர் சொல்றீங்க! வீடு எழுத ஏலாதா? நாள் வச்சு, ஊருக்கெல்லாம் சொல்லி, இப்ப வந்து ஏலாதெண்டா? பெண்சாதி சொன்னதாம்! உங்கட வீட்டில ஆர் ஆம்பிளை?”

அபூதாஹிர் கேட்டுக்கொண்டிருந்தார். ஓம் போடவில்லை. ஏச்சு பாட்டன் வரைக்கும் போய், அங்கே ஆள் தெரியாமல் திரும்பி வந்தது. அவமானத்தில் காது சூடாகியது. ஆனாலும் ஒரு சொல்லையும் தவற விடவில்லை. ஹாஜியார் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் சொன்னதையெல்லாம் பாட்டன் உட்படத் திருப்பிச் சொன்னார்.

“சரிதானே, ஹாஜியார்? ஒண்டும் விடல்லையே?”

ஹாஜியார் திகைத்துப்போனார். இத்தனை வயதில் அவருடைய ஏச்சை ஒருவரும் அவருக்குத் திருப்பித் தந்ததில்லை. அடுத்தவர் வாயில் அது அவ்வளவு நன்றாக இல்லை.

“ம்... சரி,” என்றார், குரல் இறங்கி.

“என்ட பிழை. மகள்ற மனசைக் கேக்காம வாக்குக் குடுத்திட்டன். அதுக்கு நீங்க ஏசினது நியாயம். ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்கட மகன்ட கதிரையில நீங்க இருக்கிறீங்க எண்டு வைங்க. இந்தக் கலியாணத்தப்பத்தி அவன் என்ன சொல்லுவான்? அவனாக் கதையுங்க பாப்பம்.”

“அவன் என்ன சொல்றது? நான் சொன்னாச் சரியெண்டுவான்.”

“அது நீங்க. அவன்?”

ஹிஸ்புல்லா ஹாஜியார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார்.

இவ்வளவு நேரமும் உள்ளே கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. திரைக்குப் பின்னால் யாரோ தட்டத்தோடு அசையாமல் நிற்கிறார்கள். அபூதாஹிருக்கு அது கேட்டது. ஹாஜியாருக்குக் கேட்கவில்லை.