தண்ணீர் வந்ததா என்று கேட்கும் நீதிபதி

ஒடிசலான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. கிராமத்திலிருந்து யார் வந்தாலும், "உங்க ஊர் வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தக் குடும்பநல நீதிபதி வழக்கையே தொடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. விவாகரத்துக்குப் பின் என்னிடம் வளரும் மகளை அங்கே அழைத்துப்போக அனுமதி கேட்டிருந்தேன். விவசாயியான அவள் அப்பா எதிர்த்தார்.

"மாநிலம் தாண்டிப் போயிட்டா நான் புள்ளைய எப்படிங்கய்யா பாக்குறது?"

நீதிபதி வழக்கம்போலத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்.

"நேத்துதாங்கய்யா வந்துச்சு."

"எங்கேருந்து வருது?"

"மேட்டூர்லேருந்துங்க."

"அதுக்கும் மேல?"

"கர்நாடகாலேருந்துங்கய்யா."

"அது கேஸ் போட்டாத்தான் வருது. புள்ள அப்படி வரக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "லீவுக்கு லீவு நீங்களே கொண்டாந்து விடுவீங்களாம்மா?"

"விடுறேங்கய்யா."

"அப்பக் கூட்டிட்டுப் போங்க."

அவள் அப்பாவும் தலையாட்டினார்.

அந்த நீதிபதிக்குச் சொந்தமாக நிலம் உண்டா என்று இன்றுவரை தெரியாது. மகளோடு பேச அவள் அப்பா போன் செய்யும்போது நான் எடுத்தால், "தண்ணி வந்துடுச்சா?" என்றுதான் கேட்கிறேன். எங்களுக்குள் சண்டையில் முடியாத ஒரே கேள்வி அது.