வானொலிக்கு வந்த கிடா

எங்கள் ஊர் சமுதாய வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, தெருத்தெருவாகப் போய் மக்களின் குறைகளைப் பதிவு செய்துவருவது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், கடலை ஒட்டிய ஊர். குறைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மைக்கை நீட்டினால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "ஆண்டவர் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல."

மைக்கை அணைத்துப் பைக்குள் வைத்ததும் பிடித்துக்கொள்வார்கள். சாக்கடை, குடிதண்ணீர், எரியாத தெருவிளக்கு. இதையே மைக்கில் சொல்லுங்களேன் என்றால், "நல்லா இருக்கே! நாளைக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்காரங்க மூஞ்சில நான் முழிக்காண்டாமா?" என்பார்கள்.

நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு லைசென்ஸ் பறிபோய்விடுமோ என்ற பயம். "செய்தி வாசிக்கக் கூடாதும்மா, நிகழ்ச்சிதான் நடத்தணும்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுவார்.

ஒரு மத்தியானம் வாசலில் ஒரு ஆட்டுக்கிடா வந்து நின்றது. கருப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. விரட்டினால் போகவில்லை. கதவு திறந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்து, ஒலிப்பதிவு அறையின் ஏசிக்கு நேரே படுத்துக்கொண்டது. சரி, வானொலியிலேயே சொல்லிவிடுவோம் என்றேன். அடையாளத்தைச் சொன்னால் ஊரே உரிமை கொண்டாடும் என்று அண்ணாச்சி யோசித்தார். குரலை மட்டும் ஒலிபரப்பலாம், உரிமையாளர் என்றால் குரல் தெரியாமலா போகும் என்றார்.

அதுவரை ஓயாமல் கத்திக்கொண்டிருந்த கிடா, மைக்கைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது.

"இதுவும் நம்ம ஊருதான் போல" என்றார் அண்ணாச்சி.

பூவரசு இலையைக் காட்டிக் காட்டி ஒருவழியாகக் கத்தவைத்துப் பதிவு செய்தோம். பாட்டுக்கும் வானிலைக்கும் நடுவே அந்தக் குரலைப் போட்டோம்.

மறுநாள் காலையில் நிலைய வாசலில் நல்ல கூட்டம். எல்லோருக்கும் அது தங்கள் ஆட்டின் குரல்தான். அண்ணாச்சி ஒரு விதி வைத்தார்: எங்கே, எப்படித் தொலைந்தது என்று நேரலையில் சொல்ல வேண்டும். முதலில் உட்கார்ந்தவர் மீன் விற்கிற அக்கா. என் மைக்குக்கு முன்னால் ஒரு குறையும் இல்லை என்று பலமுறை சத்தியம் செய்தவர்.

"எங்கன வச்சுத் தொலைஞ்சுதுக்கா?" என்று கேட்டேன்.

"மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னாலதாம்ளா. அங்கன சாக்கடைக்கு மூடி இல்ல. போன மழையில மனுசனே விழுந்தாச்சு, ஆடு விழாதா? எத்தன மட்டம் போயிச் சொல்லியாச்சு. ஆபீசுல உள்ளவங்களுக்குக் காது இருக்கா இல்லையா?"

அடுத்து வந்தவருடைய ஆடு தெருவிளக்கு எரியாததால் வழிதவறியது. இன்னொருவருடையது குழாயில் தண்ணீர் வராததால் தாகத்தில் ஓடியது. அதன்பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ஆட்டப் பத்திப் பேசுங்க. சாக்கடையப் பத்தி ஏன் பேசுதிய?"

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் சொன்னார்: "சார், ஆடு அங்கனதான் தொலைஞ்சிருக்கு. நாங்க என்ன செய்ய?"

அந்த வாரமே சாக்கடைக்கு மூடி வந்தது.

கிடாவின் உண்மையான சொந்தக்காரர் காயல்பட்டினத்திலிருந்து வந்தார். பேரப்பிள்ளையின் விசேஷத்துக்கு வாங்கிக்கொண்டு போகும்போது லோடு ஆட்டோவிலிருந்து குதித்துவிட்டதாம். போனில் படம் வைத்திருந்தார். அதே வெள்ளைக் காது. மீன் விற்கிற அக்கா படத்தை வாங்கிப் பார்த்து, "என் ஆடும் இதே சாடைதான்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் வீட்டில் ஆடு இருந்ததே கிடையாது.

கிடா போனதும் மறுபடி மௌனம் வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டொரு நாளில் அந்த அக்காவே வந்தார். "ஏளா, ஆடுதான் தொலைக்கணுமா? வேற எதும் தொலைச்சாலும் வரலாமா?"

இப்படித்தான் 'காணவில்லை' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஒருவர் குடையைத் தொலைத்தார், பேருந்து நிற்காத நிறுத்தத்தில். ஒருவர் செருப்பைத் தொலைத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் சகதிப் பாதையில். சொந்தமாகச் சாமானே இல்லாதவர்கள்கூட எதையாவது தொலைத்துவிட்டு வந்தார்கள். அண்ணாச்சிக்குப் பரம நிம்மதி. இது செய்தி இல்லை, அறிவிப்பு.

ஒருநாள் கடைசித் தெருவிலிருந்து ஒரு மதினி வந்தார். என்ன தொலைந்தது என்று கேட்டேன்.

"கரை" என்றார். "எங்க வீட்டுக்கு முன்னால கெடந்த கரையக் காணோம். வலை காயப்போட்ட எடம். இப்ப அல வாசப்படிய நக்கிட்டுப் போவுது."

வாய்க்கு வழக்கமாக வருவதையே சொன்னேன்: "கண்டெடுத்தவர்கள் நம் நிலையத்தில் ஒப்படைக்கவும்."

மறுநாள் வாசலில் ஒரு மூட்டை மணல் இருந்தது. பிறகு தள்ளுவண்டியில் ஒன்று, பைக்கில் ஒன்று. யாரும் சிரிக்கவில்லை. "அந்த மதினி கரை, எங்க பக்கம் ஒதுங்கிக் கெடந்துது" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை ஆவதற்குள் மணல் குவிந்து கதவைத் திறக்க முடியாமல் போனது.

போலீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் கடற்கரை மணலைக் குவித்திருப்பதாகப் புகார். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மணல் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நான் அன்றைய ஒலிப்பதிவைப் போட்டேன். இரண்டுமுறை கேட்டார்கள். பிறகு, இதை நாங்கள் பார்க்க முடியாது என்று தாலுகா அலுவலகத்துக்குச் சொன்னார்கள். அங்கிருந்து ஒரு அதிகாரி அளவு நாடாவோடு வந்தார்.

நானும் மைக்கோடு கடைசித் தெருவுக்குப் போனேன். "கரை எதுவரைக்கும் இருந்துச்சும்மா?" என்று அவர் கேட்டார். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் நடந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பினார்.

"இந்தா, இங்கன வரைக்கும். நாடாவப் பிடிச்சிக்கிட்டு வாங்க சார்!"

அதிகாரி தன் பேண்ட்டைப் பார்த்தார், கரையில் கூடியிருந்த தெருவைப் பார்த்தார், என் மைக்கைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார்.

சில மாதங்களில் அலையைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். முழுத் தெருவுக்கும் இல்லை, பாதிக்குத்தான். மீதிப் பாதியில் இருப்பவர்கள் இப்போது வாரம் தவறாமல் எதையாவது தொலைத்துக்கொண்டிருக்கிறார்கள்.