அளவு சாப்பாடு

அப்பா எங்கேயும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டார். போடுகிறவர்தான் கேட்க வேண்டும். சாப்பிடுகிறவர் 'போதும்' என்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டிலும் அம்மா கரண்டியோடு பக்கத்தில் இல்லாவிட்டால் அரை வயிற்றோடு கை கழுவிவிடுவார். வீம்பு என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

தஞ்சாவூரில் அந்த ஓட்டல் அவருக்குப் பிடித்துப்போனது அதனால்தான். வலங்கைமான் பக்கத்திலிருந்து எந்த வேலையாக வந்தாலும், என்னை நர்சிங் படிப்பில் சேர்க்க வந்த அன்றும், மதியச் சாப்பாடு அங்கேதான். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு சர்வர் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருவார். அப்பா விரல்களை விரித்து இலையை மறைப்பார். "இன்னும் கொஞ்சம்" என்று சர்வர் அந்த விரல் இடுக்கு வழியாகவே சோற்றைத் தள்ளிவிடுவார்.

நான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்றும் அங்கேதான் போனோம். சென்னைக்கு மூன்று மணிக்குப் பஸ். நுழைந்ததுமே எனக்குத் திக்கென்றது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய முதலாளி மகன் ஓட்டலை இடித்துக் கட்டி ஏசி போட்டிருந்தான். வாளியும் இல்லை, அந்த சர்வரும் இல்லை. சுவரில் 'அளவு சாப்பாடு' என்று பலகை. தட்டில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு குன்று சோறு. அவ்வளவுதான்.

அப்பா பலகையைப் பார்க்கவில்லை. பஸ்ஸையும் விமானத்தையும் நினைத்து இரண்டு நாளாக எனக்கு ஒரே கவலை. இப்போது அதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. சோறு தீர்ந்ததும் அவர் வழக்கம்போலக் காத்திருப்பார். கை காயும். யாரும் வர மாட்டார்கள். நெல் விளைவிக்கிற மனிதர் வெறும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துவிட்டுப் பஸ் ஏற வேண்டும். நான் கேட்டு வாங்கிக் கொடுத்தால் அது அதைவிட அவமானம். அவர் தட்டைப் பார்க்கவே பயந்து, குனிந்தபடி என் சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினேன். ருசி தெரியவில்லை. என் தட்டு காலியானதுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது. அந்தப் பக்கம் போன இளம் சர்வரைக் கைநீட்டிக் கூப்பிட்டிருந்தார்.

"தம்பி, எம் பொண்ணுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க. இன்னிக்கி வெளிநாடு போவுது."

நான் பிறந்ததிலிருந்து அவர் சோறு கேட்டுப் பார்த்ததில்லை. சர்வர் பலகையைக் காட்டினான். அளவு சாப்பாடு, இரண்டாவது முறை கிடையாது என்றான். முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை, அவனுக்கும் சங்கடம்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி தம்பி" என்றார் அப்பா.

பிறகுதான் அவர் தட்டைப் பார்த்தேன். குழம்பு படாமல் பாதிச் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். நான் அவருக்காகப் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தட்டைத் தூக்கி என் பக்கம் சாய்த்தார். போதும்ப்பா என்று கையை விரித்து மறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்று விரல் இடுக்கு வழியாகத் தள்ளிவிட்டார்.